சாம்பார் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்

எங்கள் வீட்டுக்குப் புதிதாக எந்தச் சாதனம் வந்தாலும், கூடவே வரும் செய்முறைப் புத்தகத்தை ஒருமுறை புரட்டிவிட்டு எடுத்து வைத்துவிடுவேன். அதில் பனீர் டிக்கா இருக்கும், கேக் இருக்கும், பளபளவென்று ஒரு முழுக்கோழி இருக்கும். செவ்வாய்க்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு எங்கள் வீட்டில் யாரும் முழுக்கோழி கேட்பதில்லை. ரசம் இருக்கிறதா, தொட்டுக்க என்ன என்றுதான் கேட்பார்கள். அதனால் நானே ஒரு பரீட்சை வைத்திருக்கிறேன்: சாம்பார், ஏதாவது ஒரு பொரியல், கீரைக் கடைசல், அரிசியும் பருப்பும் சாதம், இட்லி மாவு. இதில் இரண்டையாவது ஒழுங்காகச் செய்தால் மேடையில் இடம். இல்லாவிட்டால் பரண்.

இவ்வளவு கறாராக இருக்கக் கோயம்புத்தூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன். வெட் கிரைண்டர் பிறந்த ஊர் இது. 1955இல் இங்கே பி. சபாபதி என்பவர்தான் அதை உருவாக்கினார் என்று சொல்கிறார்கள். ஆட்டுக்கல்லில் கல் அசையாது, குழவி சுற்றும். கிரைண்டரில் கல் சுற்றும், குழவி நின்ற இடத்திலேயே நிற்கும். அந்த ஒரு தலைகீழ் மாற்றத்தைத் தவிர மாவாட்டும் முறையில் பெரிதாக எதுவும் மாறவில்லை. ஊத்துக்குளிப் பக்கத்துக் கருங்கல், மெதுவான சுற்று, கல்லோடு கல் உரசுவது எல்லாம் அப்படியே இருந்தன. 'கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்' புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது.

மிக்ஸி கதையும் கிட்டத்தட்ட இதுதான். மும்பையில் சத்ய பிரகாஷ் மாத்தூர் என்ற எஞ்சினியரின் மனைவி ஒரு ஜெர்மன் மிக்ஸர் வைத்திருந்தார். நம் ஊர் அரைப்புக்கு அது தாங்கவில்லை. ஊறின பருப்பையும் காய்ந்த மஞ்சளையும் அரைக்கிற மாதிரி மோட்டார் வேண்டும் என்று கிளம்பி, 1960களில் மாத்தூர் கொண்டுவந்ததுதான் சுமீத். ஜப்பானில் தோஷிபா நிறுவனத்தின் மின்சார ரைஸ் குக்கர் 1955இல் விற்பனைக்கு வந்தது. அதற்கு முன்னால் யோஷிதாதா மினாமி என்பவரும் அவர் மனைவி ஃபுமிகோவும் வீட்டில் சோறு ஆக்கி ஆக்கிச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். மூன்று இடத்திலும் வீட்டுச் சாப்பாடு என்ன கேட்டதோ அதற்கு இயந்திரம் வளைந்துகொடுத்தது.

இப்போது வருகிறவை அப்படி வருவதில்லை. 2010இல் பிலிப்ஸ் ஏர் ஃபிரையரைக் கொண்டுவந்தபோது அதன் குறி உருளைக்கிழங்கு ஃபிரைஸ். அதே ஆண்டு கனடாவில் இருந்து வந்த இன்ஸ்டன்ட் பாட், அதைப் பார்த்து வந்த மற்ற மின்சார பிரஷர் குக்கர்கள் எல்லாம் பீன்ஸ், இறைச்சி, சூப் என்று வேறு ஒரு மெனுவை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. அவற்றில் நம் பருப்பையும் புளியையும் ஏற்றிப் பார்க்கிற வேலை சமைக்கிறவர் தலையில் வந்து விழுந்திருக்கிறது. எனக்கு அது பிடித்தும் இருக்கிறது, உண்மையைச் சொன்னால்.

மின்சார பிரஷர் குக்கரில் இருந்து ஆரம்பிக்கிறேன். வீட்டில் அதிகம் சண்டை நடந்தது அதைச் சுற்றித்தான்.

"ஏங்கண்ணு, இது எப்ப விசில் அடிக்கும்?"

"இது விசில் அடிக்காதுங்க அத்தை."

"அப்பறம் வெந்துச்சான்னு எப்படித் தெரியும்?"

அத்தையின் கேள்வியில் நியாயம் இருந்தது. நம் சமையலில் நேரத்தை அளப்பது விசில்தான். பருப்புக்கு நாலு, சாதத்துக்கு மூன்று, கொண்டைக்கடலைக்கு ஏழெட்டு. ஆனால் விசிலை வைத்து நேரத்தைச் சரியாகச் சொல்ல முடியாது. சாதாரண குக்கரின் வெயிட், உள்ளே அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோவைத் தொட்டதும் தூக்கிக்கொள்கிறது. அப்போது உள்ளே வெப்பம் 121 டிகிரி பக்கம் இருக்கும். பெரிய தீயில் வைத்தால் மூன்று விசில் மளமளவென்று வந்துவிடும், பருப்பு நடுவில் கடுக்கென்று இருக்கும். சின்னத் தீயில் அதே மூன்று விசிலுக்குள் பருப்பு குழைந்துபோகும். குக்கர் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்பதைப் பொறுத்தும் மாறும். முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்துவிட்டு நிமிடக் கணக்கு வைத்துக்கொண்டால் போதும். இதை நான் மின்சார குக்கர் வந்த பிறகுதான் யோசிக்கவே ஆரம்பித்தேன், ஏனென்றால் அது நிமிடத்தைத் தவிர வேறு எதையும் கேட்பதில்லை.

ஆனால் அது காட்டுகிற நிமிடத்தையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. 'பத்து நிமிடத்தில் பருப்பு' என்றால் அழுத்தம் ஏறிய பிறகு பத்து நிமிடம். ஏறுவதற்கு ஒரு கால் மணி நேரம், தானாக இறங்குவதற்கு இன்னொரு கால் மணி நேரம். அடுப்புக் குக்கரைவிட இதில் அழுத்தமும் கொஞ்சம் குறைவு, வெப்பமும் சில டிகிரி குறைவு. ஆக, இது வேகமான சாதனம் கிடையாது. வைத்துவிட்டுத் துணி காயப்போடப் போகலாம், பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கலாம் என்பதுதான் இதன் லாபம்.

இனி சாம்பார். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு மூடி வைத்தால் சாம்பார் ரெடி என்று யூடியூபில் ஆயிரம் பேர் சொல்கிறார்கள். அப்படிச் செய்தால் வருவது ஏதோ ஒரு குழம்பு, சாம்பார் என்று சொல்ல மாட்டேன். புளியின் புளிப்பு பருப்பை மசிய விடாது. வெந்தாலும் முழுசு முழுசாகவே கிடக்கும். மூடியே இருப்பதால் புளியின் பச்சை வாசனை போக வழியில்லை. முருங்கைக்காயோ அழுத்தத்தில் பிரிந்து, குச்சி வேறு சதை வேறாக மிதக்கும். நான் பிடித்த வழி இது: காயும் புளித்தண்ணீரும் அடிப் பாத்திரத்தில், பருப்பு மஞ்சள்தூள் பெருங்காயத்தோடு தனிக் கிண்ணத்தில் ஒரு ஸ்டாண்டின் மேல். பழைய குக்கரில் சாதமும் பருப்பும் அடுக்காக வைத்த அதே முறைதான். முருங்கைக்காய் கடைசியில். பருப்பை மசித்து ஊற்றிய பிறகு மூடியைத் திறந்து வைத்து, வதக்கும் பட்டனை அமுக்கி, தளதளவென்று ஐந்து நிமிடம் கொதிக்க விடவேண்டும். அந்தக் கொதியில்தான் சாம்பாருக்குச் சாம்பார் வாசனை வருகிறது. தாளிப்பு எப்போதும் போல் அடுப்பில். இவ்வளவும் செய்வதற்குப் பழைய குக்கரே மேல் இல்லையா என்று கேட்டால், சாம்பாருக்கு ஆமாம்.

அரிசியும் பருப்பும் சாதத்துக்கு அப்படி இல்லை. கொங்குப் பக்கத்து வீடுகளில் என்ன செய்வது என்று தோன்றாத நாளெல்லாம் இதுதான். சின்ன வெங்காயம், பூண்டு, வரமிளகாய், சீரகம், கறிவேப்பிலை எல்லாம் அதே பாத்திரத்தில் வதங்கி, துவரம்பருப்பும் அரிசியும் சேர்ந்து, மூடினால் முடிந்தது. புளி இல்லாததால் பருப்புக்குத் தடை இல்லை. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: இதில் ஆவி வெளியே போவதே இல்லை என்பதால் தண்ணீரைக் குறைக்க வேண்டும். விசில் குக்கரில் ஒன்றுக்கு மூன்றரை வைக்கிறவர்கள் இதில் ஒன்றுக்கு மூன்று வைத்தால் குழைவாகவே வரும். வதக்கும்போது அடியில் ஒட்டினதைக் கொஞ்சம் தண்ணீர் விட்டுச் சுரண்டிவிடுவதும் முக்கியம். இல்லாவிட்டால் அடி சூடேறி, கருகுகிறது என்று கத்திவிட்டு நின்றுவிடும்.

கொள்ளு இதைவிட நன்றாக வந்தது. ராத்திரி ஊற வைத்த கொள்ளு அரை மணி நேர அழுத்தத்தில் விரலால் நசுக்கினால் மாவாகிறது. அத்தை அன்றைக்குத்தான் அதை முதல்முறையாகத் தொட்டுப் பார்த்தார். இப்போது கொள்ளுப் பருப்பு என்றால் அந்த மெஷின் பக்கம் என்னை விடுவதில்லை.

அதன் சிலிகான் வளையம் பற்றி எந்தப் புத்தகமும் சொல்லாத ஒரு செய்தி: பெருங்காய வாசனையை அது ஆயுசுக்கும் விடாது. சாம்பார் வைத்த வளையத்தோடு பால் பாயசம் வைத்தால் பாயசத்தில் பெருங்காயம் மணக்கும். வினிகர், எலுமிச்சை, வெயில் எல்லாம் பாதி வேலைதான் செய்கின்றன. இனிப்புக்கென்று இன்னொரு வளையம் வாங்கி வைத்துக்கொள்வதுதான் தீர்வு.

இண்டக்‌ஷன் அடுப்பு வேறு மாதிரி. அது சமையலை மாற்றச் சொல்லவில்லை, பாத்திரத்தை மாற்றச் சொல்லியது. உள்ளே இருக்கும் சுருள் உண்டாக்கும் காந்தப்புலம் பாத்திரத்தின் அடியிலேயே சூட்டைக் கிளப்புகிறது. காந்தம் ஒட்டாத பாத்திரத்தை அது கண்டுகொள்ளாது. எங்கள் வீட்டு இண்டாலியம் வாணலி, பித்தளை உருளி, ரசம் வைக்கும் ஈயச் சொம்பு, கீரைச் சட்டி எல்லாம் ஒரே நாளில் வேலை இழந்தன. (ஈயச் சொம்பை அடுப்பில் வைத்துவிட்டு ரசம் ஊற்ற மறந்தால் சொம்பே உருகிவிடும், வெள்ளீயம் 232 டிகிரியில் உருகும். அந்த ஆபத்து இதில் இல்லை என்று வேண்டுமானால் சந்தோஷப்படலாம்.) கடைக்குப் போகும்போது பையில் ஒரு ஃபிரிட்ஜ் காந்தத்தைப் போட்டுக்கொண்டு போங்கள். எவர்சில்வர் பாத்திரம் என்றாலும் எல்லாவற்றிலும் காந்தம் ஒட்டாது.

தோசைக்கல் வார்ப்பிரும்பு, காந்தம் நன்றாகவே ஒட்டும். ஆனால் சுருள் சின்னது, கல் பெரியது. நடுவில் தோசை கருகிக்கொண்டிருக்கும்போது ஓரம் வெளுத்துப் போய் மாவாக நிற்கும். சின்னச் சூட்டில் பொறுமையாகக் கல்லைக் காய வைத்தால் கொஞ்சம் சரியாகிறது. ஆனால் விலை குறைந்த இண்டக்‌ஷன்களில் சின்னச் சூடு என்பதே கிடையாது. பெரிய சூட்டை விட்டு விட்டுத் தருவதைத்தான் சின்னச் சூடு என்று காட்டுகின்றன. 400 வாட் வைத்துக் காதைக் கொடுத்துக் கேட்டால் தெரியும், ஓடும், நிற்கும், ஓடும். தோசைக்கும் திரட்டுப்பாலுக்கும் கேஸ் அடுப்புதான்.

தண்ணீர் கொதிக்க வைக்க, பால் காய்ச்ச, இட்லிக் கொப்பரைக்கு, பருப்பு வேக வைக்க இண்டக்‌ஷனுக்கு ஈடு இல்லை. அதன் சூட்டில் பெரும்பகுதி பாத்திரத்துக்குப் போகிறது. கேஸில் ஒரு நல்ல பங்கு சமையலறையைத்தான் சூடாக்குகிறது. ஏப்ரல் மாதத்தில் சமைக்கிறவர்களுக்கு இதன் அர்த்தம் புரியும். ஒரு லிட்டர் தண்ணீர் கொதிக்க ஏறத்தாழ 0.1 யூனிட் ஆகும். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறிவிடும். ஏசி ஓடுகிற மாதங்களில் நாங்கள் அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் நிற்போம். அதனால் மே மாதம் இண்டக்‌ஷனுக்குப் பாதி விடுமுறை. மற்றபடி சிலிண்டர் முன்னைவிடக் கூடுதல் நாள் வருகிறது.

மைக்ரோவேவ் ஓவனைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை, ஒரு வேடிக்கையைத் தவிர. இண்டக்‌ஷன் எவர்சில்வர் கொண்டுவா என்கிறது, மைக்ரோவேவ் எவர்சில்வரை உள்ளே விடாதே என்கிறது. வீடு முழுக்க எவர்சில்வர் வைத்திருக்கிறவர்கள் இரண்டுக்கும் நடுவில் கண்ணாடிக் கிண்ணம் தேடி அலைய வேண்டும். மைக்ரோவேவ் உணவில் இருக்கும் தண்ணீரைத்தான் முதலில் பிடித்துச் சூடாக்குகிறது. ஆறிய இட்லிமேல் தண்ணீர் தெளித்து மூடி வைத்தால் புதிதாக வரும், தெளிக்காவிட்டால் ரப்பராகும். காரணம் அவ்வளவுதான்.

ஏர் ஃபிரையர் வீட்டுக்குள் வந்தது பஜ்ஜி ஆசையில். எண்ணெய் இல்லாத பஜ்ஜி என்று யாரோ விளம்பரத்தில் சொன்னதை வீட்டுக்காரர் நம்பினார். கரைத்த மாவில் தோய்த்த வாழைக்காயை அதன் கூடையில் வைத்தால் மாவு ஓட்டை வழியாகக் கீழே சொட்டிவிடும், வாழைக்காய் மட்டும் வெறுமனே காயும். கொதிக்கிற எண்ணெய் மாவைத் தொட்ட நொடியிலேயே பிடித்து இறுக்குகிறது; காற்றுக்கு அந்த வேகம் கிடையாது. 180 டிகிரி எண்ணெயும் 180 டிகிரி காற்றும் ஒன்று கிடையாது. ஓவனுக்குள் கையை விட்டு எடுக்கலாம், வாணலிக்குள் விட முடியுமா? உளுந்து வடையும் இதே கதிதான். வேகும், சிவக்கும், கடித்தால் பன். வடையை இதற்காக அவமானப்படுத்த வேண்டாம் என்று அத்தை தீர்ப்புச் சொன்னார்.

அப்புறம் யோசித்துப் பார்த்தால் ஏர் ஃபிரையர் என்பது மேலே காயில் என்கிற சூடேறும் கம்பிச் சுருளும் அதன் மேல் விசிறியும் வைத்த குட்டி ஓவன். அது நன்றாகச் செய்யும் வேலை ஈரத்தை வெளியே ஓட்டுவது. அப்படியானால் நம் பொரியல்களை இரண்டாகப் பிரித்துவிடலாம். ஈரம் போனால் ருசிக்கிற காய்கள் ஒரு கட்சி: வெண்டைக்காய், சேப்பங்கிழங்கு, வாழைக்காய், கத்தரிக்காய், பாகற்காய். தன் ஈரத்திலேயே வேகிற காய்கள் இன்னொரு கட்சி: பீன்ஸ், கோஸ், கேரட், அவரைக்காய். முதல் கட்சியை ஏர் ஃபிரையரிலும் இரண்டாவது கட்சியை மூடி போட்ட கண்ணாடிக் கிண்ணத்தில் மைக்ரோவேவிலும் வைத்தால் இரண்டுமே சரியாக வருகின்றன. மாற்றி வைத்தால் பீன்ஸ் சருகாகும், வெண்டைக்காய் கொழகொழவென்று நூல் விடும்.

வெண்டைக்காயை ஒரு ஸ்பூன் எண்ணெயில் பிரட்டி 180 டிகிரியில் பத்து, பன்னிரண்டு நிமிடம். உப்பு கடைசியில்தான், முதலிலேயே போட்டால் தண்ணீர் விடும். வெளியே எடுத்து, தாளித்து, தேங்காய் தூவினால் வாணலியில் அரை மணி நேரம் கிளறினாலும் வராத பதம். சேப்பங்கிழங்கை முக்கால் பதம் வேக வைத்துத் தோலுரித்து, மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு, கொஞ்சம் அரிசி மாவு, இரண்டு ஸ்பூன் எண்ணெய் போட்டுக் குலுக்கி 200 டிகிரி. பாதியில் ஒருமுறை கூடையை ஆட்டிவிட வேண்டும். ரோஸ்ட் என்றால் இதுதான் ரோஸ்ட். வாணலியில் இதற்கு ஊற்றுகிற எண்ணெயை நினைத்தால் பயமாக இருக்கும்.

அப்பளம் பொரிக்கலாம், ஆனால் பறக்கும். விசிறிக் காற்றில் மேலே எழும்பிக் காயிலைத் தொட்டுவிடும், அது கருகும் வாசனை பக்கத்து வீடு வரை போகும். எண்ணெய் தடவி மேலே ஒரு சின்னக் கம்பி ஸ்டாண்டைக் கவிழ்த்து வைத்தால் அடங்கும். மோர் மிளகாய்க்கும் அதே வித்தை, வீடு முழுக்க இருமல் கிளம்பாமல் முடிகிறது.

கீரைக் கடைசலில் மட்டும் எந்த மெஷினும் தேறவில்லை. ஹேண்ட் பிளெண்டர் வைத்துப் பார்த்தேன், மிக்ஸியில் விட்டு விட்டு ஓட்டிப் பார்த்தேன். பிளேடு இலையை அரைத்துப் பசையாக்கிவிடுகிறது. மத்து அரைப்பதில்லை, சட்டியின் சுவரில் வைத்து நசுக்குகிறது. இலை இலையாகவும் தண்டு தண்டாகவும் கொஞ்சம் தெரியும், பூண்டு முழுசாக ஒன்றிரண்டு மாட்டும். கடைசல் என்றால் அந்தப் பதம்தானே. பச்சைப் பயறு கடைசலுக்கும் இதே கதை. மண்சட்டியும் மத்தும் கழுவி எடுத்து வைக்க இரண்டு நிமிடம்கூட ஆகாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஹேண்ட் பிளெண்டரின் பிளேடுக்கு அடியில் மாட்டிய கீரையை எடுக்க அதைவிட நேரம் ஆகிறது.

கழுவுவது பற்றி யாருமே எழுதுவதில்லை. ஏர் ஃபிரையர் கூடையின் வலை, மின்சார குக்கர் மூடியின் உள்பக்கம், கிரைண்டர் குழவியின் கழுத்து எல்லாம் ஒவ்வொரு நாளும் ஒருவர் தேய்க்க வேண்டிய இடங்கள். எங்கள் வீட்டில் ஒரு விதி வைத்திருக்கிறோம்: சாதனத்தை வாங்க ஆசைப்படுகிறவர் முதல் மாதம் அதைக் கழுவ வேண்டும். சாண்ட்விச் மேக்கர், முறுக்கு பிழியும் மெஷின் இரண்டும் இந்த விதியில்தான் கடையிலேயே நின்றுவிட்டன.

இட்லி மாவுக்கு கிரைண்டரை அசைக்க முடியவில்லை. மிக்ஸியில் ஆட்டவே முடியாதென்று சொல்ல மாட்டேன். உளுந்தை ஃபிரிட்ஜ் தண்ணீர் விட்டு, நிறுத்தி நிறுத்தி அடித்தால், நாலுக்கு ஒன்று என்பதை மூன்றுக்கு ஒன்று என்று உளுந்தைக் கூட்டிக்கொண்டால் சுமாரான இட்லி வரும். மிக்ஸியின் வேகத்தில் மாவு சூடாகிவிடுவதும், உளுந்துக்குள் காற்று ஏறுவதற்கு முன்பே அது அறுபட்டுவிடுவதும்தான் சிக்கல். கல்லில் அரை மணி நேரம் மெதுவாகச் சுற்றும்போது உளுந்து பொங்கிப் பொங்கிப் பாத்திரம் நிறைகிறது. ஆனால் ஆட்டிய மாவு புளிக்கிற இடத்தில் மின்சார குக்கர் கை கொடுத்தது. மார்கழிக் குளிரில் மாவு எழும்பாத நாட்களில், தயிர் உறைய வைக்கும் பட்டனில் குறைந்த சூட்டை வைத்து, மாவுப் பாத்திரத்தை உள்ளே இறக்கி வைத்தால் காலையில் பொங்கி நிற்கும். பாதிக்கு மேல் ஊற்றக் கூடாது, வழிந்தால் காயிலுக்குள் போய்விடும்.

இப்போது மேடையில் கிரைண்டர், மிக்ஸி, இண்டக்‌ஷன், ஏர் ஃபிரையர் நாலும் நிரந்தரம். மின்சார குக்கர் அத்தையின் பொறுப்பில், கொள்ளு நாட்களில் கீழே இறங்கும். மிச்சமிருக்கும் சிக்கல் வயரிங். சமையலறையில் 16 ஆம்பியர் பாயிண்ட் ஒன்றே ஒன்று. சாதாரண 6 ஆம்பியர் பாயிண்ட் 230 வோல்ட்டில் 1380 வாட் வரைதான் தாங்கும். 2000 வாட் இண்டக்‌ஷனை அதில் மாட்டக் கூடாது, ஏர் ஃபிரையரும் அந்த எல்லையைத் தாண்டுகிற ரகம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இரண்டையும் சேர்த்து மாட்டுவது வீட்டையே பொரிக்கிற வேலை. அதனால் காலையில் முதலில் இண்டக்‌ஷனில் இட்லி, அது இறங்கிய பிறகு பிளக்கை மாற்றி வெண்டைக்காய் என்று வரிசை வைத்து ஓட்டுகிறோம். அடுத்த வாரம் எலக்ட்ரீஷியன் வந்து மெயின் போர்டில் இருந்து தனி வயர் இழுத்து இன்னொரு பாயிண்ட் வைக்கிறார். அதை ஜன்னல் பக்கம் வைக்கலாம் என்கிறேன் நான், ஏர் ஃபிரையரின் சூட்டுக் காற்று வெளியே போகும். கிரைண்டர் பக்கத்தில் வைத்தால்தான் கொள்ளு வைக்க வசதி என்கிறார் அத்தை. இன்னும் முடிவாகவில்லை.